கருவண்டும் செவ்வண்டும்: வன்னித் தென்னைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளவில் நாலு தென்னை வைத்திருப்பவரும் சரி, ஒட்டுசுட்டான் பக்கம் ஐந்து ஏக்கரில் கன்று நட்டவரும் சரி, "வண்டு விழுந்திட்டுது" என்றுதான் முறைப்பாட்டைத் தொடங்குகிறார்கள். எந்த வண்டு என்று திருப்பிக் கேட்டால் பதில் தடுமாறும். 2025 செப்ரெம்பரில், உலக தெங்கு தினத்தன்று, வடக்கில் தென்னைச் செய்கையைப் பெருக்கும் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் புதுக்குடியிருப்பில் தொடக்கிவைக்கப்பட்டது. புதுக்கன்று வைப்பவர்கள் கூடக்கூட இந்தக் கேள்விகளும் கூடுகின்றன. கருவண்டுக்குச் செய்யும் வேலை செவ்வண்டுக்குச் செல்லாது. செவ்வண்டுக்குச் செய்வது கருவண்டை ஒன்றும் செய்யாது. அதனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தே கீழே பதில் சொல்லியிருக்கிறது.

கறுப்பு ஆண், சிவப்பு பெண் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

இல்லை. இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம்கூட இல்லை. வண்டினம் என்ற பெரிய கூட்டத்துக்குள் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் ஏறத்தாழ நாலு இலட்சம் இனங்கள். முன்சிறகு தடித்து ஓடாகி, பின்சிறகை மூடிக்கொண்டிருப்பதுதான் அவை எல்லாவற்றுக்கும் பொது. அதற்குமேல் இந்த இரண்டுக்கும் ஒற்றுமை தேடினால், தென்னையில் இரண்டுக்கும் இருக்கிற ஆசை ஒன்றுதான் அகப்படும்.

கருவண்டைக் காண்டாமிருக வண்டு என்றும் சொல்வார்கள். விஞ்ஞானப் பெயர் ஓறிக்டெஸ் ரைனோசெரஸ். 1758 இல் லின்னேயஸ் விவரித்த இனம். சாணியை உருட்டிக்கொண்டு போகும் சாணவண்டும் இதுவும் ஸ்கரபெய்டே என்ற ஒரே குடும்பம். செவ்வண்டு கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் ரிங்கோபோரஸ் பெருஜினியஸ். அரிசி மூட்டைக்குள் ஓடித்திரியும் மூக்கு நீண்ட சின்னஞ்சிறு வண்டு இருக்கிறதே, அதுதான் செவ்வண்டுக்கு நெருங்கிய உறவு.

வண்டு கையில் அகப்பட்டால் எது எதெண்டு எப்படிச் சொல்லுறது?

நிறத்தை நம்பவேண்டாம். கூட்டை விட்டு வெளிவந்த புதிதில் கருவண்டு செம்பழுப்பாகவும் இருக்கும். செவ்வண்டிலும் சிவப்பு மங்கிக் கறுப்பு மேலோங்கியவை உண்டு. முகத்தைப் பாருங்கள்.

கருவண்டுக்குத் தலையில் பின்பக்கம் வளைந்த ஒற்றைக் கொம்பு. ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் கட்டை. கொம்பை வைத்து ஆண் பெண் பிரிப்பது சில வேளை பிழைக்கும். சின்ன ஆணின் கொம்பும் கட்டையாகத்தான் இருக்கும். வண்டைப் புரட்டி வால்நுனியைப் பாருங்கள். செம்பழுப்பு மயிர் அடர்த்தியாக இருந்தால் பெண், வழுவழுப்பாக இருந்தால் ஆண். உடல் 35 முதல் 50 மில்லிமீற்றர், உருண்டு திரண்ட கட்டை உடம்பு. கால்களில் மண் கிளறுவதற்கேற்ற பற்கள் இருக்கும்.

செவ்வண்டுக்குக் கொம்பு கிடையாது. முன்னால் நீண்டு கீழ்நோக்கி வளைந்த மூக்குத்தான் அடையாளம். அந்த மூக்கின் நுனியில்தான் வாய். மூக்கின் மேற்புறத்தில் கட்டையான மயிர்க்கற்றை இருந்தால் ஆண். உடல் 35 மில்லிமீற்றர் அளவில், கருவண்டைவிட ஒடுங்கி நீண்டிருக்கும். முதுகோட்டில் நீளவாக்கில் கோடுகள், கழுத்துப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள். உணர்கொம்பும் வித்தியாசம்: கருவண்டுக்கு நுனி தகடு தகடாக விரியும், செவ்வண்டுக்கு நடுவில் முறிந்து மடிந்து நுனி தடித்திருக்கும்.

இரண்டும் எங்கே குடியிருக்கின்றன?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மிச்சத்தில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும்.

கருவண்டு தென்னையில் பிறப்பதில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று அதன் இளமைக்காலம் முழுக்க உக்கிய பொருளுக்குள்தான். மாட்டெருக் கும்பி, உக்கின தென்னங்குற்றி, நின்றபடியே பட்டுப்போன மரத்தின் தலைப்பகுதி, மரக்காலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் மரத்தூள், தும்புத்தூள், குப்பைக்கிடங்கு, இவைதான் அதன் ஊர். பெண் 50 முதல் 100 வரை முட்டையிடும். 8 முதல் 12 நாளில் பொரிக்கும். புழு மூன்று பருவம் வளர்ந்து முடிய 80 நாளும் ஆகலாம், 200 நாளும் ஆகலாம். தீனியும் ஈரமும் பார்த்தே வளரும். கூட்டுப்புழுவாக மூன்று நாலு கிழமை. வண்டான பிறகும் உடனே வெளியே வராது. ஓடு இறுகும்வரை இரண்டு மூன்று கிழமை கூட்டுக்குள்ளேயே கிடக்கும். பிறகுதான் இரவில் பறந்து தென்னை வட்டுக்கு, அதாவது ஓலைகள் கிளம்பும் தலைப்பகுதிக்கு வரும், குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும், திரும்பவும் கும்பிக்கு இறங்கி முட்டையிடும். வண்டாக அதன் ஆயுள் 4 முதல் 9 மாதம். ஆக, தென்னை அதற்குச் சாப்பாட்டுக்கடை. வீடு உங்கள் பட்டிக்குப் பின்னால்.

செவ்வண்டு நேர்மாறு. அதன் பிள்ளைப்பேறும் வளர்ப்பும் உயிருள்ள மரத்துக்குள்ளே. மரத்தில் எங்காவது வெட்டு, வெடிப்பு, துளை இருந்தால் பெண்வண்டு மூக்கால் குழி தோண்டி ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். ஒரு பெண் தன் காலத்தில் 200, 300 முட்டை இடுவது சாதாரணம். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிந்த புழு மெத்தென்ற திசுவைத் தின்றுகொண்டே உள்ளுக்குள் போகும். ஒன்று முதல் மூன்று மாதம் தின்று முடித்து, மரநாரையே சுற்றிக் கூடு கட்டும். இரண்டு மூன்று கிழமையில் வண்டாகும். அதே மரத்தில் தின்ன மிச்சம் இருந்தால் அங்கேயே அடுத்த தலைமுறை தொடங்கும். மரம் முற்றாக அழியும்வரை வெளியாருக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம். பறப்பது பெரும்பாலும் பகலில்.

எருக்கும்பி கிளறினால் வெள்ளைப்புழு கொள்ளையாய் வருது. எல்லாம் கருவண்டுப் புழுவோ?

எல்லாம் அல்ல. கும்பியில் வேறு பல வண்டுகளின் புழுக்களும் கிடக்கும். அவற்றில் பல எருவை உக்கவைத்து உதவிதான் செய்கின்றன. அவற்றில் ஒன்றான பூவண்டின் புழுவை எடுத்து வெறுந்தரையில் விட்டால் மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போகும். கருவண்டுப் புழு அப்படிப் போகாது; வளைந்து சுருண்டு பக்கவாட்டில் கிடக்கும். முற்றியது 60 முதல் 100 மில்லிமீற்றர், பெருவிரல் பருமன், பழுப்புத் தலை, நெஞ்சுப்பகுதியில் மூன்று சோடிக் கால், வால்பக்கம் உள்ளே தின்ற எரு தெரிந்து சாம்பல் நிறமாக இருக்கும்.

செவ்வண்டுப் புழு எருக்கும்பிக்கு வரவே வராது. அதற்குக் காலே இல்லை. மரத்தைப் பிளந்தால் வரும் மஞ்சள் வெள்ளைப் புழு, நடு உடல் பருத்து, 50 மில்லிமீற்றர்வரை நீண்டு, கடும்பழுப்புத் தலையோடு இருந்தால் அது செவ்வண்டு. கால் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே போதும், பூதக்கண்ணாடி தேவையில்லை.

புது ஓலை விரியேக்குள்ளையே கத்தரிக்கோலாலை வெட்டினமாதிரி இருக்குது. இது எந்த வண்டு?

கருவண்டு. இந்தக் கையெழுத்தை வேறு எந்தப் பூச்சியும் போடாது.

குருத்தோலை விரியும் முன் மடிப்பு மடிப்பாக இறுகி, கூர்ந்து நிற்கும். வண்டு மட்டை இடுக்கால் புகுந்து, இந்த மடிப்புகளை ஊடறுத்துப் போகும். போட்டது ஒரே துளைதான். கடதாசியைப் பலமுறை மடித்து ஓர் ஓரத்தில் வெட்டி விரித்துப்பாருங்கள். அதேபோல ஓலை விரியும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் முக்கோண வெட்டுகளாகத் தெரியும். இந்த வெட்டைக் காணும்போது கடித்த வண்டு போய் நாளாகியிருக்கும். ஆகவே விரிந்த ஓலையைப் பார்த்து இன்றைய நிலைமையை மதிக்கக்கூடாது. உச்சிக் குருத்தின் அடியைப் பார்க்கவேண்டும். மட்டை இடுக்கில் விரல் நுழையும் துளையும், துளைவாயில் சப்பித் துப்பிய ஈரநாரும் இருந்தால் வண்டு இப்போதும் உள்ளே இருக்கக்கூடும். கருவண்டு நாரைத் தின்பதில்லை. சப்பிச் சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை வெளியே தள்ளிவிடும்.

பாளை விரியும் முன் துளைத்தால் அந்தக் குலை போய்விடும். ஓலைக்காயத்தைவிட இதுதான் காய்க்கும் மரத்தில் பணநட்டம்.

செவ்வண்டு விழுந்ததை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கஷ்டம்தான். உண்மையைச் சொன்னால், வட்டு சாயும்போதுதான் பலர் காண்கிறார்கள். ஆனாலும் மரம் சில அறிகுறி காட்டும், அவசரப்படாமல் பார்ப்பவருக்கு.

முதலில் தண்டு. தூரிலிருந்து நெஞ்சுயரம்வரை சுற்றிவந்து பாருங்கள். சின்னத் துளை, அதிலிருந்து பழுப்பாகக் களிபோல வடிந்து காய்ந்த நீர், துளைவாயில் மென்ற நார் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இளம் மரத்தில் தூர், வேர்ப்பக்கத்து வெடிப்பு, மாடு உரசிய இடம், உழவு இயந்திரம் தட்டிய இடம் எல்லாவற்றையும் தடவிப்பாருங்கள். அடுத்தது மணம். மரத்துக்குக் கிட்டப் போனால் புளித்த வாடை வரும். பிறகு காது. வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய நேரம் தண்டில் காதை வைத்தால் உள்ளே நெறுநெறு என்று கடிக்கும் சத்தம் கேட்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இலங்கைத் தென்னை ஆராய்ச்சியாளர்களே இந்தச் சத்தத்தைப் பெருக்கிக் காதுக்கருவியில் கேட்கவைக்கும் கையடக்கக் கருவி ஒன்றைச் செய்து, 2010 இல் அதைப்பற்றி ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்டிருக்கிறார்கள்.

உள்வட்ட ஓலைகள் மஞ்சளாகி வாடுவதும், மட்டை அடியில் பிளப்பதும் பிந்திய அறிகுறிகள். வெளி ஓலை காய்ந்து தொங்குவது வன்னியில் ஓகஸ்ட், செப்ரெம்பர் வரட்சியில் எந்தத் தென்னைக்கும் வரும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நடுக்குருத்து வாடி, வெளி ஓலை பச்சையாக நின்றால்தான் பயப்படவேண்டும்.

மரத்தின் அடியில் கூடு விழுந்து கிடப்பதும் உண்டு. நீள்வட்டமாக, மரநாரை நெருக்கிச் சுற்றிய கூடு, கைக்குள் அடங்கும் பருமன். ஒரு முனையில் வட்டமாகத் திறந்திருந்தால் வண்டு போய்விட்டது. மூடியிருந்தால் பிரித்துப் பாருங்கள்: வெளிர்நிறக் கூட்டுப்புழு, மூக்கை நெஞ்சோடு மடித்து, கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடக்கும். அதை நசுக்குவதோடு வேலை முடியாது. கூடு விழுந்த மரத்தில் இன்னும் எத்தனை கிடக்கிறது என்பதே கேள்வி.

ரெண்டிலையும் ஆர் பொல்லாதவர்?

செவ்வண்டு. கருவண்டு வளர்ந்த மரத்தை அலங்கோலப்படுத்தும், விளைச்சலைக் குறைக்கும், கொல்வது குறைவு. செவ்வண்டு விழுந்த மரத்தை விட்டுவிட்டால் பெரும்பாலும் அது சாவுதான். தென்னைக்கு வளரும் முளை உச்சியில் ஒன்றே ஒன்று. அது போனால் பக்கக்கிளை விட வழியில்லை.

ஆனால் கன்றுத் தோட்டத்தில் இந்தத் தீர்ப்பை மாற்றிச் சொல்வேன். நட்டு ஒன்றிரண்டு வருடமான கன்றில் கருவண்டு இறங்கினால் குருத்தின் அடியையே எட்டிவிடும், கன்று போய்விடும். தப்பினாலும் முறுகிக் கோணி வளரும். கன்று தண்டு பிடித்த பிறகு, காய்க்கத் தொடங்கும் வயதுகளில்தான் செவ்வண்டுப் பயம் உச்சம். முற்றி இறுகிய கிழட்டு மரத்தை அது அவ்வளவாக நாடுவதில்லை.

கருவண்டு வந்தால் பிறகு செவ்வண்டும் வருமெண்டது உண்மையோ?

வரலாம், வருவதும் உண்டு. கருவண்டு போட்ட துளையில் கசியும் சாறு புளித்து மணக்கும். அந்த மணத்துக்குச் செவ்வண்டு வரும், திறந்த காயத்தில் முட்டை வைக்கும். தென்னை, பனை வகை மரங்கள் புண்ணைப் புதுப்பட்டை வளர்த்து மூடுவதில்லை. ஒருமுறை பட்ட வெட்டு ஆயுளுக்கும் வெட்டுத்தான்.

இதில் வண்டை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தேங்காய் பறிக்க ஏறுவதற்குத் தண்டில் படிவெட்டுவது, பச்சை மட்டையை அடியோடு சீவுவது, வேலிக்கம்பியைத் தென்னையில் ஆணி அடித்துக் கட்டுவது, இந்த மூன்றும் செவ்வண்டுக்கு நாங்களே திறந்துவிடும் கதவுகள். பச்சை மட்டை வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். அடிமட்டை காய்ந்து தானாக விழட்டும். அறியாமல் வெட்டுப்பட்டால் அன்றைக்கே தார் பூசுங்கள். நாளைக்கென்று விட்டால் மணம் பரவிவிடும்.

பனைக்கும் விழுமோ?

இரண்டும் பனையையும் தாக்கும். வடலிக்குருத்தில் கருவண்டு துளைத்து, ஓலை விரியும்போது ஓட்டை தெரிவது பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. பனையின் தண்டு வைரம் பாய்ந்தது; வளர்ந்த பனை தென்னையைவிடத் தாக்குப்பிடிக்கும்.

பனை பற்றிக் கேட்கும்போது போர்க்காலத்தையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். செல்லடியில் வட்டு அறுந்து தண்டு மட்டும் நின்ற பனைகளையும் தென்னைகளையும் 2009 இற்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பதுங்குகுழிக்கு அடுக்கிய குற்றிகள் மண்ணுக்குள்ளேயே உக்கின. இப்படி நின்றும் கிடந்தும் உக்கும் மரம்தான் கருவண்டுக்குப் பிடித்த இடம். பசுபிக் தீவான பலாவுவில் இரண்டாம் உலகப்போரை ஒட்டி இது எப்படி முடிந்தது என்பது பதிவாகியிருக்கிறது: 1940களின் தொடக்கத்தில் அங்கே புகுந்த கருவண்டு, குண்டுபட்டுச் செத்த தென்னைகளில் பெருகி, மிச்சம் நின்ற மரங்களில் பாதியளவைக் கொன்றது. பழைய பதுங்குகுழிக் குற்றி இன்னும் காணிக்குள் புதைந்து கிடந்தால், அதைச் சும்மா கிடக்கவிடாமல் தோண்டி எரித்துவிடலாம். ஒன்று மட்டும்: கண்ணிவெடி அகற்றியதென்று உறுதிசெய்யாத நிலத்தில் அலவாங்கு போடவேண்டாம்.

யானை சாய்ச்ச தென்னையை என்ன செய்யிறது?

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்தார் கேட்கும் கேள்வி. யானை குருத்தைத் தின்றுவிட்டுத் தண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். பச்சை மரம் பிளந்து கிடந்தால் முதலில் மணத்துக்குச் செவ்வண்டு வரும். அதே தண்டு மழையில் நனைந்து உக்கத் தொடங்கினால் கருவண்டு முட்டையிடும். ஒரே மரம், முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு வண்டுக்கும் உதவும்.

ஆகவே சாய்ந்த கிழமைக்குள்ளேயே துண்டுபோட்டு, நீளவாக்கில் பிளந்து வெயிலில் காயவிட்டு எரித்துவிடுங்கள். வேலிக்கோ கொட்டிலுக்கோ உதவும் வைரப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். மெத்தென்ற தலைப்பகுதியை ஒருபோதும் விட்டுவைக்கக்கூடாது. தூர்க்கட்டையையும் கிளப்புங்கள். புயலில் விழுந்த மரத்துக்கும் இதே முறைதான். மாரியில் எரிக்க வழியில்லாவிட்டால் ஆழக்கிடங்கு வெட்டிப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்கலாம்.

கருவண்டுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துக்கு முன் கும்பி. புழு வளர்வது கும்பியில் என்றால் கும்பியைக் கவனிக்காமல் மரத்துக்கு மருந்தடிப்பதில் என்ன பிரயோசனம்? எருவை வருடக்கணக்கில் குவித்து வைக்காமல் இரண்டு மாதத்துக்கொருமுறை கிளறுங்கள். கிளறும்போது கோழிகளைத் திறந்துவிட்டால் மிச்சவேலையை அவை பார்த்துக்கொள்ளும். எருவை லொறியில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு விற்பவர்கள் புழுவையும் சேர்த்து ஏற்றாமல் இருப்பது வாங்குபவருக்கும் நல்லது.

வட்டுக்குள் இருக்கும் வண்டை எடுக்கப் பழைய முறையே இன்றும் நல்ல முறை: நுனியில் கொளுக்கி வளைத்த கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி இழுப்பது. சின்ன மரத்தில் யாரும் செய்யலாம். குருத்தைக் குத்திவிடாமல் துளை போகும் சாய்வைப் பார்த்துக் கம்பியை விடவேண்டும். வண்டு வந்த பிறகு துளைக்குள் வேப்பங்கொட்டைத்தூளும் மணலும் கலந்து நிரப்பிவிடுங்கள்.

வராமல் தடுக்க, வேப்பங்கொட்டைத்தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியில் உள்ள மூன்று மட்டை இடுக்கிலும் போடலாம். கன்றுகளுக்கு அலுமாரிக்குள் போடும் நப்தலீன் உருண்டை மூன்றை, மட்டை இடுக்குக்கு ஒன்றாக வைத்து, 45 நாளுக்கொருமுறை புதுப்பிக்கலாம். இரண்டும் தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் அளவுகள், எங்கள் மண்ணுக்கும் பொருந்தும். எனக்கு வேம்பில்தான் விருப்பம். வன்னியில் வேப்பங்கொட்டைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

செவ்வண்டு விழுந்த மரத்தைக் காப்பாற்ற ஏலுமோ?

முளை பழுதாகாமல் இருந்தால் ஏலும். வட்டு சாய்ந்துவிட்டால் ஏலாது.

மேலே தெளித்துப் பயனில்லை, புழு உள்ளே. தண்டில் துளையிட்டு மருந்து செலுத்தி, மற்றத் துளைகளைக் களிமண்ணாலோ சீமெந்தாலோ அடைப்பதே முறை. எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், செலுத்திய பிறகு எத்தனை நாள் தேங்காயும் இளநீரும் பறிக்கக்கூடாது என்பதைத் தெங்கு பயிர்ச்செய்கைச் சபையின் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டே செய்யுங்கள். தண்டுக்குள் போகும் மருந்து இளநீருக்குள்ளும் போகக்கூடும். கடைக்காரர் சொன்னார் என்று நெல்லுக்கு அடிக்கும் மருந்தை ஊற்றுவது மரத்துக்கும் ஆபத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஒயில் ஊற்றுவதும் இதே கணக்குத்தான்.

காப்பாற்ற முடியாத மரத்தை அனுதாபத்தில் நிற்கவிடாதீர்கள். தறித்து, பிளந்து, உள்ளே கிடக்கும் புழுவும் கூடும் வெளியே தெரியும்படி செய்து எரிக்கவேண்டும். தறித்துப் போட்டுவிட்டுப் போனால் உள்ளே இருக்கிற புழு அப்படியே வளர்ந்து பறந்துவிடும்.

வாளிப்பொறி வைக்கிறது நல்லதோ?

நல்லது, இடம் பார்த்து வைத்தால். இரண்டு வண்டிலும் ஆண் ஒரு மணத்தை விடும். அந்த மணத்துக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்தே வரும். இரண்டின் மணமும் வேறு. அந்த மணத்தை அடைத்து வாளிக்குள் தொங்கவிடும் பொதிதான் மணப்பொதி. கருவண்டு மணப்பொதிக்குச் செவ்வண்டு வராது. வாங்கும்போது எதற்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

செவ்வண்டுப் பொறிக்கு மணப்பொதி மட்டும் போதாது. வாளிக்குள் தண்ணீரும், புளிக்கும் தீனியும் வேண்டும். கரும்புத்துண்டு, அன்னாசித்தோல், வெட்டின தென்னம்மட்டை ஏதாவது. தீனி காய்ந்தால் பொறி சும்மா தொங்கும். கிழமைக்கொருமுறை பார்க்க நேரமில்லாதவர் பொறி வைக்காமல் விடுவதே மேல். காரணம், பொறி அயலில் உள்ள வண்டையும் கூப்பிடும். வந்ததெல்லாம் வாளிக்குள் விழாது. அதனாலேயே இளங்கன்றுகளுக்கு நடுவில் பொறி கட்டக்கூடாது. காணி எல்லையில், மரத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

வெளிச்சத்துக்கு வருமோ?

இரவில் பறப்பதால் கருவண்டு சில வேளை விளக்கடிக்கு வந்து விழும். அதை நம்பித் தோட்டத்தைக் காக்க முடியாது. செவ்வண்டு பகல்காரன்.

கருவண்டை வைரசாலை அழிச்சதெண்டு கேள்விப்பட்டம். எங்கை?

சமோவாவில். இந்தக் கதையில் இலங்கைக்கும் பங்கு உண்டு, பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல. 1909 இல் இலங்கையிலிருந்து போன றப்பர்க் கன்றுகளோடு கருவண்டும் சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் வரலாறு. இங்கே அதற்கு எதிரிகள் இருந்தன, அங்கே இல்லை. பசுபிக்கில் தீவு தீவாகப் பரவியது. 1960களில் ஹியூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மலேசியாவில் நோய்ப்பட்ட புழுக்களில் வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1967 இல் அது சமோவாவில் விடப்பட்டு, வண்டுத்தொகை நன்றாகக் குறைந்தது. நோய் பிடித்த வண்டு உடனே சாகாமல் கும்பிக்கும் வட்டுக்கும் பறந்து திரிந்து மற்றவற்றுக்கும் கொடுக்கும். அதன் போக்குவரத்துப் பழக்கமே அதற்கு வினையாகிறது.

2007 இல் பசுபிக் தீவான குவாமில் தலைகாட்டிய ஒரு வகைக் கருவண்டுக்கு இந்த வைரஸ் சரியாகப் பிடிக்கவில்லை. 2013 இல் கருவண்டு ஹவாய்க்கும் போனது. மெற்றாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணமும் உண்டு. ஈரமான எருக்கும்பியில் கலந்தால் புழுவின் தோலால் உள்ளே புகுந்து கொல்லும். காய்ந்த கும்பியில் வேலைசெய்யாது. ஆகவே வன்னியில் அதற்கு மாரிக்காலமே பொருத்தம்.

செவ்வண்டுக்கு இதுபோல ஒன்று கைகொடுக்கவில்லை. மரத்துக்குள் அடைபட்டிருப்பதுதான் அதற்குக் கவசம்.

சவூதியிலை பேரீச்சைக்கு விழுறதும் இந்தச் செவ்வண்டோ?

அதே இனம்தான். தெற்காசியா, தென்கிழக்காசியா அதன் பூர்வீகம். 1980களின் நடுவில் வளைகுடாவில் காணப்பட்டு, 1990களில் எகிப்துக்கும் ஸ்பெயினுக்கும் போய், மத்தியதரைக் கடலோரம் முழுக்கப் பரவியது. பறந்து போனதல்ல, நடுவதற்காக மரத்தையும் கிளைக்கன்றையும் ஏற்றி இறக்கிய மனிதர்தான் கொண்டுபோனார்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புழு இருந்தது. வெளியூரிலிருந்து அலங்காரப் பனைகளை வேரோடு கிளப்பிக் கொண்டுவந்து வளவில் நடும் ஆசை இங்கும் வந்திருக்கிறது. அவற்றையும் தட்டிப்பார்த்து வாங்குங்கள்.

இந்தப் புழுவைச் சாப்பிடுவினமாம்?

செவ்வண்டு இனப் புழுவை மலேசியா, பப்புவா நியூகினி பக்கத்தில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கொழுப்பும் புரதமும் உள்ள தீனி. மருந்து செலுத்திய தென்னையிலிருந்து எடுத்ததை எந்த ஊராரும் சாப்பிடக்கூடாது.

பிள்ளையள் பிடிச்சு விளையாடினால் கடிக்குமோ?

இரண்டுக்கும் நஞ்சு கிடையாது. கருவண்டின் கால்முள் கீறும், அவ்வளவுதான்.

புதுசாய் ரெண்டு ஏக்கர் போடப்போறன். பட்டியும் அதே காணிக்குள்ளைதான். என்ன செய்ய?

பட்டியை மாற்றமுடியாதென்றால் எருவை மாற்றுங்கள். கும்பியாக விடாமல், சீமெந்துத் தரையில் மெல்லியதாகப் பரவிக் காயவைத்து, சாக்கில் கட்டி வையுங்கள். கும்பியாகத்தான் வைக்கவேண்டுமென்றால் காணியின் மறுகோடியில், கன்றுகளுக்கு மிகத் தூரத்தில் வைத்து, நைலோன் வலையால் மூடுங்கள். முட்டையிட வரும் வண்டு வலையில் கால் சிக்கித் தொங்குவதைக் காலையில் எடுக்கலாம். கன்றுக்கிடங்குக்குள் பொச்சுமட்டை அடுக்குவது ஈரம் காக்க நல்லது, ஆனால் மேலே அரையடி மண் மூடவேண்டும். காணி துப்புரவாக்கும்போது புல்டோசர் தள்ளிவிட்ட மரக்குவியலை எல்லை ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டுக் கன்று நடுகிறவர்கள் உண்டு. நடுமுன் அதை எரித்து முடியுங்கள். நட்ட முதல் மூன்று வருடம் கிழமைக்கொருக்கா உச்சிக் குருத்தைப் பாருங்கள். தண்டு தெரியத் தொடங்கிய பிறகு பார்வையைத் தூருக்கும் இறக்குங்கள்.